முழுக்கைச் சட்டைக்குள் ஒரு காப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கைக்கு மூளை இல்லாமல் போய்விட்டது. வேறென்ன சொல்ல? பூசாரி மஞ்சள் கயிற்றோடு எதிரில் வந்து நின்றார். வருஷா வருஷம் நீண்ட கை அந்த வருஷமும் தானாக நீண்டது. முடிச்சுப் போட்டுக் குங்குமத்தைத் தொட்டு வைத்துவிட்டு அவர் அடுத்த ஆளிடம் நகர்ந்த பிறகுதான் எனக்குச் சுரீரென்று உறைத்தது. நான் இப்போது ஊர்ப்பிள்ளை இல்லை. திருவள்ளூர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரி விடுதியில் பி.யு.சி. படிக்கச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வார லீவுக்கு ஊருக்கு வந்தவன், அன்று விளக்கு வைப்பதற்குள் அங்கே போய் நிற்க வேண்டும். காப்புக் கட்டியவனோ ஊர் எல்லைக்கு வெளியே ஓர் இரவுகூடப் படுக்கக் கூடாது.

எங்களுடையது பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீன்பிடிக் குப்பம். ஆடி மாதம் அம்மனுக்குக் காப்புக் கட்டும்போது, தண்ணீருக்குப் போகிற ஆண்கள் எல்லோரும் கட்டிக்கொள்வார்கள். வீட்டின் மூத்த பிள்ளையும் கட்டிக்கொள்வான். அடுத்த ஞாயிறு கூழ் ஊற்றிக் காப்பை அவிழ்க்கும் வரை யாரும் இரவுத் தொழிலுக்குப் போக மாட்டார்கள். விடியலில் படகைத் தள்ளி, பொழுது சாய்வதற்குள் கரையேறிவிடுவார்கள். பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், படுக்கை மட்டும் ஊருக்குள். பூசாரியைத் தவிர யாரும் கயிற்றை அவிழ்க்கவும் கூடாது, அறுக்கவும் கூடாது.

மீறினால்? அதில் ஊருக்குள் இரண்டு கட்சி. மீறினவனையே ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்பது ஒரு கட்சி. அவன் வீட்டில் தண்ணீருக்குப் போகிறவனைத்தான் எடுத்துக்கொள்வாள் என்பது இன்னொரு கட்சி. பொன்னேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க் காப்போடு தங்கிவிட்ட ஒருவரின் தம்பி, அதே வாரம் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போனதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். உடலைக் கரையில் கிடத்தியிருந்தார்கள். நான் இரண்டாவது கட்சி.

எங்கள் வீட்டில் தண்ணீருக்குப் போகிறவர் ஒரே ஒருவர்தான், என் நைனா.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கத்திய கத்தலில் கூரைமேல் உட்கார்ந்திருந்த காக்கை பறந்துவிட்டது.

"உனுக்குத்தான் புத்தி இல்ல, காலேஜுக்குப் போய்க்கினு கீற. பக்கத்துல நின்னுக்கினு இருந்தாளே உங்கம்மா, அவளுக்கு எங்க போச்சு?"

"நீயுந்தான் பக்கத்துல கைய நீட்டிக்கினு நின்ன. உன் கண்ணு எங்க போச்சு?" என்றாள் அம்மா. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் போகவில்லை என்று சொன்னேன். ஒரு வாரம் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்றேன். ஆனால் விடுதியில் சேர்க்க வந்த அன்று வார்டன் நைனாவை நிற்க வைத்து முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்: திருவிழா, சாமி என்று லீவு கிடையாது, முதல் வருஷத்துப் பையன் சொல்லாமல் ஓர் இரவு தங்கவில்லையென்றால், மறுநாள் காலையில் பெட்டியைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான், இந்த இடத்துக்கு எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். விடுதி போனால் கல்லூரியும் போயிற்று. எங்கள் குப்பத்திலிருந்து படகு பிடித்து, மூன்று பஸ் மாறி, தினம் யார் போய்வர முடியும்?

நைனா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். பிறகு என் டிரங்குப் பெட்டியைத் தானே தூக்கிப் படகில் வைத்தார்.

"கெளம்பு. பஸ்ஸு போய்டப் போவுது."

"நைனா, காப்பு..."

"கெளம்புன்னேன்ல?"

பழவேற்காட்டில் பஸ் ஏறி, பொன்னேரியில் மாறினேன். அந்த பஸ் அம்மன் கோயில் இருக்கிற பெரியபாளையம் வழியாகத்தான் போகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் ஆடி ஞாயிறு என்பதை மறந்துவிட்டேன். சனம் ஏறியது பாருங்கள்! வேப்பிலை, மஞ்சள், குலவை, மொட்டையடித்த குழந்தைகள், ஈரத்துணி. பஸ்ஸுக்குள் வேப்பிலை வாசனை மூச்சை அடைத்தது. அம்மனுக்குப் பயந்து ஓடுகிறவனை அம்மன் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினால் எப்படி இருக்கும்? கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டேன். என்னிடம் இருந்த ஒரே முழுக்கைச் சட்டை அது, கல்லூரிக்கென்று எடுத்தது.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாள் நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்தாள். கம்பியைப் பிடிக்க நான் கையைத் தூக்கியபோது பார்த்துவிட்டாள்.

"எந்த ஊரு காப்புப்பா அது? பொழுதோட ஊடு போய்டுவல்ல?"

"இதோ, பக்கத்துலதான்மா."

"ஜாக்கிரதப்பா. ஆத்தா பொல்லாதவ."

திருவள்ளூர் வரைக்கும் அவளும் இறங்கவில்லை, நானும் அந்தக் கையை மறுபடி தூக்கவில்லை.

எங்கள் விடுதி பழைய அரிசி மண்டி. ஓடு போட்ட நீளக் கட்டடம், முன்னால் ஒரு தாழ்வாரம். உள்ளே மரத்தட்டி வைத்துப் பிரித்து அறையென்று பேர் சொன்னார்கள். மழை பெய்தால் இன்னமும் நெல் உமி வாசனை வரும். சாயங்காலம் மணி அடித்ததும் முதல் வருஷத்துப் பையன்கள் எல்லோரும் தாழ்வாரத்தில் வரிசையாக நிற்க வேண்டும். வார்டன் விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வருவார். அவர் கணக்கு வாத்தியார், எண்ணிக்கை தப்பாது. அன்று என்னையும் எண்ணினார், நகர்ந்தார். இடம் தப்பியது என்ற நிம்மதி அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. சூரியன் மறைந்துகொண்டிருந்தது, நான் ஊருக்கு வெளியே இருந்தேன்.

என் அறையில் இருந்தவன் ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்காரன், நெல்வயல் வீட்டுப் பிள்ளை. சட்டையைக் கழற்றியபோது பார்த்துவிட்டான்.

"அடப்பாவி! எங்க ஊர்ல காப்பு கட்டிக்கினா ஒதுங்கறதுக்குக்கூட எல்லயத் தாண்ட மாட்டாங்க. நீ இன்னாடான்னா பஸ்ஸு ஏறி வந்துக்கினு கீற?"

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, ஷேவிங் பிளேடை எடுத்து நீட்டினான். "அறுத்துடு. கயிறே இல்லன்னா காப்பும் இல்ல."

"அது இன்னும் மோசம்டா."

யோசித்துப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினான். பிறகு தன் பாயை மெதுவாக அந்தப் பக்கச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டான். நல்ல பையன்தான், ஆனால் அன்றிரவு முழுக்க அந்தப் பாய்க்கும் என் பாய்க்கும் நடுவிலிருந்த வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

மறுநாளிலிருந்து வெயிலானாலும் புழுக்கமானாலும் முழுக்கைச் சட்டைதான். வியர்வையில் மஞ்சள் ஊறி, மணிக்கட்டுப் பக்கம் கறை ஏறியது. தினம் சாயங்காலம் துவைத்து, காலையில் ஈரத்தோடு போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போவேன். மெஸ்ஸில் கறிக்குழம்பு போட்ட அன்று, காப்போடு கறி தொடக் கூடாதென்று என் பங்கை ஊத்துக்கோட்டைக்காரனுக்குத் தள்ளினேன். "காப்பு எப்பப்பா அவுப்ப? மெள்ளவே அவு, இன்னா அவசரம்" என்று அவன் எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னதற்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வந்தது.

சீனியர் ஒருவன் இருந்தான், முதல் வருஷத்துக்காரனைக் கண்டால் விட மாட்டான். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டான். "இன்னா தொர, ஆடி மாசத்துல முழுக்கை? மடிச்சு உடுடா." நான் மடிக்கவில்லை. அவனே என் கையைப் பிடித்து இழுத்துச் சுருட்டினான். மஞ்சள் கயிற்றைப் பார்த்தவுடன் நெருப்பைத் தொட்டது போலக் கையை விட்டான்.

"டேய், ஆத்தா காப்புடா இது! கட்டிக்கினு இங்க இன்னாடா பண்ற நீ?"

அன்றிலிருந்து ஒரு சீனியரும் என் பக்கம் வரவில்லை. மற்ற பையன்கள் எல்லாம் பேஜாரு படும்போது நான் மட்டும் ராஜா போல நடந்தேன். அந்த ராஜ மரியாதை எனக்கு வேண்டவே வேண்டாம். வம்பு செய்தாவது விளையாடியிருந்தால், பார்த்துச் சிரித்திருந்தால், கயிறு வெறும் கயிறாக இருந்திருக்கும். முரட்டுப் பயலே பயந்து ஒதுங்கினால் நான் என்ன செய்வேன்?

அந்த வாரம் ஆடிக்காற்று பேயாக அடித்தது. விடுதி ஓடுகள் கடகடத்தன. வகுப்பில் பலகையைப் பார்த்தால் படகு தெரிந்தது. நைனா இப்போது வலையை இழுத்துக்கொண்டிருப்பார், இப்போது முகத்துவாரத்தைத் தாண்டுவார் என்று வாத்தியார் பேசுகிற இடத்திலெல்லாம் மனம் தண்ணீரிலேயே கிடந்தது.

மெஸ்ஸுக்குச் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர் வியாழக்கிழமை வெறும் கூடையோடு வந்தார்.

"மீன் எங்கண்ணே?" என்றேன்.

"பழவேற்காட்டுல இன்னா காத்துன்ற! தொழிலே இல்ல. நேத்து ஒரு படகு கவுந்துட்ச்சாம்பா, முகத்துவாரத்துல."

"எந்தக் குப்பம்?"

"அது யாருக்குத் தெரியும்?" சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

வார்டன் அறைக்கு ஓடினேன், ஊருக்குப் போக வேண்டும் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஊருக்குப் போக ஆயிரம் பொய் சொல்லும் பையன்களைப் பார்த்துப் பார்த்துக் காய்ந்துபோனவர்.

"வீட்டிலிருந்து பெரியவங்க யாராவது வந்து சொல்லணும். அதுதானே விதி?"

"பெரியவர் இருக்காரான்னு பாக்கத்தான் சார் போவணும்," என்றேன். அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார், நான் நிற்கவில்லை. அறைக்கு வந்து பெட்டியில் துணியைத் திணித்தேன். இடம் போனால் போகட்டும், கல்லூரி நாசமாகப் போகட்டும். விடியலில் முதல் பஸ். ஊத்துக்கோட்டைக்காரன் என் பாயைச் சுருட்டிக் கட்டிக் கொடுத்தான்.

வெயில் தாழ்ந்தபோது வாசலில் யாரோ என்னைக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். போனேன்.

நைனா நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் காப்பு. உயிரோடு! நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். வாசலில் நின்ற பையன்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

"இன்னாடா, இன்னா ஆச்சு? உடம்பு இன்னா?" என்று என் நெற்றியைத் தொட்டார், கழுத்தைத் தொட்டார், கை காலைத் தடவிப் பார்த்தார். "ஒண்ணும் ஆவலியே? உனுக்கு ஒண்ணும் ஆவலியே?"

"எனுக்கு இன்னா? படகு கவுந்துச்சுன்னாங்களே நைனா!"

"அது வடக்குக் குப்பம். எல்லாரும் நீஞ்சி கரையேறிட்டாங்கோ. ஞாயித்துக்கெழமலேர்ந்து கண்ணு மூடலடா நானு. உன்னதான் நெனச்சுக்கினு கெடந்தேன்."

அப்போதுதான் புரிந்தது. நைனா முதல் கட்சி. மீறினவனைத்தான் ஆத்தா பார்ப்பாள் என்று நம்புகிறவர். நான் இங்கே அவருக்காகச் செத்துக்கொண்டிருந்தபோது அவர் அங்கே எனக்காகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அழுகை அடங்கியதும் வேறு பயம் பிடித்தது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"நைனா, கெளம்பு. இப்ப போனாதான் ராத்திரிக்குள்ள ஊரு சேருவ. உன் கையிலயும் காப்பு கீது."

அவர் தாழ்வாரப் படியில் உட்கார்ந்து துண்டை உதறி மடியில் போட்டுக்கொண்டார்.

"நான் இன்னிக்கு இங்கதான் படுக்கப் போறேன்."

"நைனா!"

"கத்தாத. வலையில உழுந்தத பங்கு போடறோமா இல்லியா? நீ மட்டும் மீறினா உன்ன மட்டும் பாப்பா. நானும் மீறிட்டா பாதி எனுக்கு வந்துரும்ல? பங்கு போட்டுக்கலாம்."

நான் கெஞ்சினேன், கோபித்தேன், கையைப் பிடித்து இழுத்தேன். மனிதர் அசையவில்லை. அதற்குள் மணி அடித்துவிட்டது. வரிசையில் போய் நின்றேன். எல்லோரும் நிற்பதைப் பார்த்துத் தானும் நிற்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, நைனாவும் எழுந்துவந்து கடைசியில் கைகட்டி நின்றார். வார்டன் எண்ணிக்கொண்டே வந்தார். கடைசி விரல் நைனா மேல் நின்றது.

"நீங்க யாரு?"

"பையனோட அப்பங்க. இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் இப்படி ஓரமா படுத்துக்கினு போறேங்க."

வார்டன் அவர் கையைப் பார்த்தார். பிறகு திரும்பி என் மணிக்கட்டைப் பார்த்தார். அழுததில் என் சட்டைக் கை எப்போதோ மேலேறியிருந்தது. நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

"படுத்துக்கங்க. கொசு கடிக்கும்," என்றார்.

கட்டி வைத்திருந்த பாயை அவிழ்த்துக்கொண்டு வந்து தாழ்வாரத்தில் விரித்தேன். நைனா காப்புக் கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்தார். வெளிச்சம் முழுக்கப் போயிருந்தது. பிறந்ததிலிருந்து காப்புக் காலத்தில் ஊரைவிட்டு வெளியே படுக்காத மனிதர். மேலே ஓடு கடகடத்தபோதெல்லாம் அவருடைய மறு கை கயிற்றை இறுக்கிப் பிடிப்பதைப் பார்த்தேன்.

"நைனா, உனுக்குப் பயமா இல்லியா?"

"பயமாத்தான்டா கீது," என்றார். "அதான் உன்ன தனியா உடல."

அவருக்குப் பக்கத்தில் படுத்தேன். அந்த வாரத்தில் எனக்கு முதல் தூக்கம் அன்றைக்குத்தான் வந்தது.