ஷ்ராவணத்துக்கு நாள் பார்த்த தரகர்

மும்பை தாதரில் பாதிப் பேரைக் குடிவைத்தவர் ரமாகாந்த் பரப். நானும் வீட்டுத் தரகன்தான், ஆனால் பொய்யில் அவர் கால்தூசி பெற மாட்டேன். "மீன் சாப்பிடுவியான்னு கேட்டா வாய் பேசக் கூடாதுடா, மூக்கு சுளிக்கணும்" என்று பாடம் நடத்தித்தான் ஆட்களுக்கு வீடு காட்டுவார். மீன் தின்கிறவர்களுக்குக் கதவைச் சாத்தும் கட்டடங்கள் எங்கள் பக்கம் அவ்வளவு.

அவர் குடியிருந்த வீட்டையே உரிமையாளர் விற்றுவிட்டார். மகள் மிருணாளுக்கு அந்த வருடம் பத்தாம் வகுப்பு. கைக்கு எட்டும் வாடகைக்கு நகரத்தின் கடைக்கோடியில் இருக்கும் விராருக்குத்தான் போக வேண்டும். அந்த ரயில் கூட்டத்தில் தினமும் நசுங்கி வந்து பிள்ளை என்னத்தைப் படிக்கும்? மனிதர் சோறு இறங்காமல் திரிந்தார். எனக்கே பார்க்கப் பொறுக்கவில்லை.

கடைசியில், எல்லாரும் காக்கூ, அதாவது சித்தி, என்று கூப்பிடும் விதவை இந்திராவின் மாடியறை அகப்பட்டது. வாடகை குறைவு, ஆனால் சுத்த சைவம். பரப்புக்கும் அவர் மனைவி சுலபாவுக்கும் நானும் துணைக்குப் போனேன். பரப் மூக்கைச் சுளித்த அழகுக்கு மெடலே குத்தலாம்.

"எப்ப குடி வர்றீங்க?" என்றாள் காக்கூ.

"ஷ்ராவணம் பிறந்ததும் வந்துடறோம் காக்கூ. அப்ப எங்களுக்கும் சிரமம் இருக்காது."

போச்சு! மீன் தின்கிறவன்தானே ஷ்ராவணத்துக்கு நாள் பார்ப்பான், அந்த விரத மாதம் மீனைத் தொடாமல் வாயைக் கட்ட வேண்டுமே என்று.

"சைவக்காரங்களுக்கு ஷ்ராவணம் என்ன, ஆஷாடம் என்ன?" காக்கூ மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

பரப்பை முந்திக்கொண்டு சுலபாதான் வாய் திறந்தாள்.

"மீன் தின்போம் காக்கூ. பொய் சொன்னது தப்புதான். பொண்ணுக்குப் பரீட்சை முடியறவரைக்கும் மீனைத் தொட மாட்டோம். இடம் மட்டும் குடுங்க."

காக்கூ இடுப்பிலிருந்து மாடிச் சாவியை எடுத்தாள்.

"எங்க வீட்டுக்காரர் காலமெல்லாம் ஓட்டல்ல மீன் தின்னுட்டு, வாயில ஏலக்காயை அடக்கிட்டு வருவார். எனக்குத் தெரியாதுன்னே நினைச்சுட்டுப் போய்ச் சேர்ந்தார். வீட்டுலயே உக்காந்து சாப்பிடுங்கன்னு நான் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். சொல்லலை." சாவியைச் சுலபாவின் கையில் வைத்தாள். "படிக்கிற பொண்ணை வயித்தைக் கட்ட வைக்காதே. பொரிக்கிறப்ப ஜன்னலைச் சாத்திக்கோ. பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க."

ஷ்ராவணம் போய், கணபதியையும் கடலில் கரைத்த மறுநாள், சுலபா ஜன்னல்களை இறுகச் சாத்திக்கொண்டு பாங்டா மீன் பொரித்தாள். நானும் விருந்தாளி. வியர்வை வழிய பரப், மிருணாள், நான் மூவரும் தட்டின் முன் உட்கார்ந்திருந்தபோது, கீழேயிருந்து காக்கூவின் குரல் வந்தது.

"சுலபா, ஜன்னலைத் திற. கத்தறவங்க கத்தட்டும். எங்க வீட்டுக்காரர் சட்டையில இந்த வாசனைதான் இருக்கும்."