பிரேக் சாருக்கு நாலு லீவர்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. வாயால் கற்றுக்கொடுப்பவர்கள், காலால் கற்றுக்கொடுப்பவர்கள். நம்மவர் இரண்டாவது ரகம். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கென்று தனியாக ஒரு பிரேக் மிதி இருக்கும். அதன்மேல் வலது காலை வைத்தபடியே இருபத்தாறு வருஷம் கழித்துவிட்டார். பூனை குறுக்கே வந்தால் மிதிப்பார். பூனை வரலாம் என்று தோன்றினாலும் மிதிப்பார். மாணவர்கள் அவருக்குப் பிரேக் சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

அந்தக் கால் வேலை நேரத்தோடு நிற்கவில்லை என்பதுதான் கஷ்டம். பஸ்ஸில் உட்கார்ந்தாலும் தரையை அழுத்தும். டிவியில் கார் துரத்தல் வந்தால் சோபாவில் இருந்தபடியே அழுத்தும். கூடத்துத் தரைவிரிப்பில் அந்த ஒரு இடம் மட்டும் நைந்து நூல் தெரிந்தது. அவர் மனைவி அந்த இடத்தில் ஒரு கால்மிதியைப் போட்டு மூடிவைத்தார்.

ஐம்பத்து நாலு வயதில், ரத்த அழுத்தம் எகிறுகிறது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் சொல்ல, பிரேக் சார் ஒரு சைக்கிள் வாங்கினார். வாங்கினதுதான் வாங்கினார், சாதாரண சைக்கிள் வாங்கியிருக்கலாம். ஆட்டுக்கொம்பு மாதிரி முன்னால் போய்க் கீழே வளைந்த ஹேண்டில் வைத்த பந்தய சைக்கிள்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷமாக ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வண்டியில் இருந்தும் அவர் வண்டி ஓட்டியதே இல்லை. ஓட்டியதெல்லாம் மற்றவர்கள்; இவர் நிறுத்தினார், அவ்வளவுதான். சைக்கிளில் ஏறி முதல் தெருவைத் தாண்டியபோது, ஹேண்டிலை யாரும் பக்கத்திலிருந்து பிடுங்கப்போவதில்லை என்று தெரிந்ததும், மனுஷனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காற்று பட்டதால் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆனால் அந்த ஹேண்டிலில் ஒரு சங்கடம் இருந்தது. பிரேக் லீவர் இரண்டும் முன்னால், வளைவில் இருக்கின்றன. அவற்றைப் பிடிக்க நன்றாகக் குனிய வேண்டும். பிரேக் சார் குனிந்தால் தொந்தி முழங்காலில் இடிக்கும். அதனால் ஹேண்டிலின் மேல்பகுதியை, நடுவில் நேராக இருக்கும் அந்தக் குழாயை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து போவார். ராஜா மாதிரி இருக்கும். பிரேக் மட்டும் எட்டாது.

நாலாம் நாள் தண்ணீர்த்தொட்டி இறக்கத்தில் வேகம் கூடியது. பயம் வந்தது. பயம் வந்ததும் வலது கால் தன் கடமையைச் செய்தது, ஒரே அழுத்து. காரில் அழுத்தினால் நிற்கும். சைக்கிளில் அது பெடல். சைக்கிள் இன்னும் வேகமாகப் பாய்ந்து, ஒரு பல் மருத்துவமனையின் செடிவேலிக்குள் புகுந்தது. பல் டாக்டரே வெளியே ஓடிவந்து முதல் வேலையாக வாயைத் திறக்கச் சொன்னார்.

அடுத்த வாரம் இரண்டாவது விழுகை. சிக்னலில் லீவரை எட்டிப் பிடிக்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்தார். பக்கத்தில் நின்றது அவருடைய பயிற்சிப் பள்ளியின் கார். உள்ளே அவருடைய மாணவி. "சார், கிளட்சை விட்டுட்டீங்களா?" என்று உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள்.

விலாவில் வலி. மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். அந்த அறையில் கணவன் என்றெல்லாம் சலுகை கிடையாது. சட்டையைக் கழற்றச் சொல்லி, குளிர்ந்த பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்கவைத்து, கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. அப்படியே இருங்க. இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா அந்தச் சைக்கிளை வித்துடுவேன். நீங்க பேசக்கூடாது, படம் கலங்கிடும். யாருக்காவது சும்மாவே குடுத்துடுவேன். புரிஞ்சுதா? ம், இப்ப விடுங்க."

மூச்சை விட்டபோது வழக்கு முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டிருந்தது. எலும்பு எதுவும் உடையவில்லை. ஆனால் சைக்கிள் போய்விடும் என்ற எண்ணம் விலாவலியைவிட அதிகமாகக் குத்தியது.

மறுநாளே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பழுது பார்க்கும் கடைக்குப் போனார். கடைக்காரம்மாவுக்கு எப்போதும் கையில் கிரீஸ், வாயில் ஸ்பேனர். விஷயத்தைக் கேட்டதும் ஸ்பேனரை எடுத்துவிட்டுப் பேசினார்.

"இதுக்கு ஒண்ணும் கவலைப்படாதீங்க சார். மேல் குழாயிலயே ரெண்டு சின்ன லீவர் போட்டுடலாம். நிமிர்ந்து உக்காந்தபடியே பிடிக்கலாம். கீழ இருக்கறதும் அப்படியே வேலை செய்யும்."

"அப்ப மொத்தம் நாலு லீவரா?"

"நாலுதான். ஆனா வயர் அதேதான் சார். கீழ இருந்து வர்ற வயர் இந்தக் குட்டி லீவருக்குள்ள பூந்து போகும். எதைப் பிடிச்சாலும் அதே ரப்பர் கட்டைதான் சக்கரத்தைக் கவ்வும். அதனால கட்டை தேயுதான்னு அடிக்கடி..."

பிரேக் சார் "நாலு" என்ற சொல்லோடு காதை மூடிக்கொண்டுவிட்டார். அவர் கண்முன்னே நாலு பிரேக் பளபளத்துக்கொண்டிருந்தன. சாதாரண மனிதர்களுக்கு இரண்டு, அவருக்கு நாலு.

அதற்கப்புறம் மூன்று வாரம் அவர் வாழ்க்கையிலேயே பொற்காலம். நிமிர்ந்து உட்கார்ந்து, கட்டைவிரலை மேலே போட்டு, நாலு விரலை லீவரில் வைத்துக்கொண்டு போவார். வைத்தால் பரவாயில்லை, அழுத்திக்கொண்டே போவார். தபால்பெட்டியைக் கண்டால் அழுத்துவார். சந்து வாசலில், சந்துக்குள் யாரும் இல்லாவிட்டாலும், மரியாதைக்கு ஒரு அழுத்து. குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் அம்மாக்கள் அவரை முந்திப் போனார்கள். ஒரு நாள் உடம்பை ஒட்டிய பனியன் போட்ட பந்தயக்காரர் ஒருவர் சிக்னலில் அவருடைய ஹேண்டிலைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சார், இதெல்லாம் கத்துக்குட்டிங்க போட்டுக்கறதாச்சே?"

பிரேக் சார் அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். பழைய மாணவர். "தம்பி, கார் கத்துக்கறப்ப மூணு தடவை லாரிக்கு அடியில போகப் பாத்தீங்க. ரெண்டாவது பிரேக்குன்னு ஒண்ணு இருந்ததாலதான் இன்னைக்குப் பனியன் போட்டுக்கிட்டுச் சுத்தறீங்க" என்றார். பந்தயக்காரர் பச்சை விழும் முன்பே கிளம்பிவிட்டார்.

நாலு லீவர் இருப்பதால் அவர் ஒரு ஏற்பாடும் செய்துகொண்டார். திங்கள், புதன், வெள்ளி மேல் லீவர். செவ்வாய், வியாழன் தொந்தியை எக்கிக்கொண்டு கீழ் லீவர். ஒரு ஜோடிக்கு ஓய்வு கொடுத்தால் பாதிதான் தேயும் என்பது கணக்கு. யார் போட்ட கணக்கு பாருங்கள்! காரில் இரண்டு மிதி இருந்தாலும் சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக் ஒன்றுதான் என்று இருபத்தாறு வருஷம், ஒவ்வொரு மாணவனுக்கும், முதல் பாடமாகச் சொல்லிக்கொடுத்த மனுஷன் போட்ட கணக்கு. தன் சைக்கிள் என்று வந்ததும் புத்தி எங்கோ மேயப் போய்விட்டது. லீவர் நாளுக்கு நாள் ஹேண்டிலை நெருங்கி வந்தபோதுகூட, புதுச் செருப்பு காலுக்குப் பழகுகிற மாதிரி லீவர் கைக்குப் பழகிவிட்டது என்றுதான் நினைத்தார்.

சாப்பாட்டு மேசையில் நாலு லீவர் புராணம் ஓடாத நாள் இல்லை. மனைவி ஒரு நாள் தட்டை நகர்த்திவைத்தார்.

"சரிங்க. ஞாயித்துக்கிழமை காலையில தண்ணித்தொட்டி இறக்கத்துல வாங்க. நான் கீழ நிக்கறேன். விழாம வந்துட்டா சைக்கிள் உங்களோடது, இனிமே வாயே திறக்கமாட்டேன். விழுந்தீங்க, அன்னைக்கே அது வேற வீட்டுக்குப் போயிடும்."

"விழறதா? நாலு லீவரும்மா!" என்றார்.

ஞாயிறு வந்தது. அவர் இறக்கத்தின் உச்சியில் நின்றார். கீழே, பூட்டிய மரக்கடை வாசலில், மனைவி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பது சின்னதாகத் தெரிந்தது. அந்தச் சின்ன உருவம் தலையை ஆட்டினால் சைக்கிள் தங்கும், இல்லாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து மறுபடி பக்கத்து இருக்கைதான். மேல் லீவர் இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்.

முதல் பாதி நடைவேகத்தில் போனது. பல் மருத்துவமனை வேலியைத் தாண்டும்போது கட்டை ஒரு மாதிரி கரகரத்தது. அப்புறம் லீவர் இரண்டும் ஹேண்டிலைப் போய்த் தொட்டன. கை இறுக்கியபடியே இருந்தது, சைக்கிள் நிற்கவில்லை. பதறி, குனிந்து, கீழ் லீவரைப் பிடித்தார். அதுவும் கொழகொழவென்று உள்ளே வந்தது. கடைக்காரம்மா சொன்னதெல்லாம் அப்போதுதான், மூன்று வாரம் தாமதமாக, காதில் விழுந்தது.

இனி நிறுத்துவதற்கு ஒன்றும் இல்லை. ஓட்டுவதுதான் பாக்கி. பிரேக் சார் ஓட்டினார். குனிந்ததால் தொந்தி இடித்தது, இடிக்கட்டும் என்று விட்டார். பள்ளத்தைப் பார்த்து ஒதுக்கினார், மூடியில்லாத குழியை வளைத்துக் கடந்தார், திருப்பத்தில் உடம்பு தானாகச் சாய்ந்து தானாக நிமிர்ந்தது. மரக்கடை வாசலை அவர் கடந்தபோது மனைவியின் சேலைத் தலைப்பு காற்றில் ஒரு அடி அடித்தது. அதற்கப்பால் சமதரை, அதற்கப்பால் பாலத்துக்கு ஏறும் மேடு. மேட்டில் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, சைக்கிள் தானே நின்றது. காலை ஊன்றினார். விழவில்லை.

பின்னால் தடதடவென்று சத்தம். மனைவி ஓடிவந்தார். ஒரு செருப்பைக் காணோம், கைப்பை தோளில் தாறுமாறாகத் தொங்கியது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் ஓடி இவர் பார்த்ததில்லை.

"யப்பா!" என்று இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. "என்ன வேகம்! எனக்குத் தெரியாம எப்பங்க இப்படிக் கத்துக்கிட்டீங்க? வாயெல்லாம் சிரிப்பா என்னைத் தாண்டிப் போனீங்களே!"

அது சிரிப்பில்லை, அலறல்; சத்தம்தான் வரவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் சைக்கிள் அவருடையது. வெறுமனே தலையை ஆட்டினால் போதும். ஆட்டத்தான் நினைத்தார். ஆனால் பிரேக் விஷயத்தில் பொய் சொல்ல அந்த மனுஷனுக்கு வரவில்லை.

"பிரேக் பிடிக்கலம்மா" என்றார்.

சிரிப்பு நின்றது. "எந்தப் பிரேக்கு?"

"எதுவுமே. லீவர்தான் நாலு. கட்டை தேஞ்சு போச்சு. நான் கவனிக்கல. நான் ஓட்டல, அதுவா வந்துடுச்சு." சொல்லிவிட்டு, அடுத்து வரப்போவதற்காகச் சைக்கிளின் ஹேண்டிலை மனைவி பக்கம் நகர்த்திக் கொடுத்தார். கை விட மனசில்லாமல் விட்டது.

மனைவி ஹேண்டிலை வாங்கிக்கொண்டார். மேல் லீவரை அழுத்திப் பார்த்தார், கீழ் லீவரை அழுத்திப் பார்த்தார். சக்கரத்தின் பக்கம் குனிந்து, எக்ஸ்ரே படத்தைப் பார்க்கிற மாதிரி கட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, தான் ஓடிவந்த தூரத்தைத் திரும்பிப் பார்த்தார். மூச்சு இன்னும் சரியாகவில்லை. கன்னம் இரண்டும் சிவந்திருந்தன.

"விழலல்ல?" என்றார்.

"விழல."

"அப்ப பேச்சு பேச்சுதான். நடங்க, அந்தக் கடைக்காரம்மா இருக்காங்களான்னு பாப்போம்."

"ஞாயித்துக்கிழமை கடை பூட்டியிருக்குமேம்மா. கட்டைதானே, நாளைக்கு மாத்திக்கலாம்."

"கட்டைக்கு இல்லைங்க" என்றார் மனைவி, சைக்கிளைத் தானே தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தபடி. "என் உயரத்துக்கு ஒரு சைக்கிள் இருக்கான்னு கேக்கணும். நாலு லீவரெல்லாம் எனக்கு வேண்டாம். வேலை செய்யற மாதிரி ரெண்டு இருந்தாப் போதும்."