தண்ணீர் வடியாத மண்ணில் ஒரு மாமரம்

எங்கள் நிலத்தை முதலில் மோந்து பார்த்தது அம்மாதான். தென்னேரியில், ஏரிக்கரைக்குக் கீழே, கரையை ஒட்டினாற்போல் இருக்கிற துண்டு நிலம். பத்திரம் பதிந்த கையோடு பார்க்கப் போயிருந்தோம். அப்பா ஒரு பிடி மண்ணை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மா அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோய், "இன்னாய்யா இது, கூமுட்டை நாத்தம் நாறுது?" என்றாள். அப்பா அதை அவள் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

அப்பா வாலாஜாபாத்தில் அரிசி மில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் வம்சத்தில் யார் பெயரிலும் நிலம் இருந்ததில்லை. எல்லாரும் அடுத்தவர் வயலில் இறங்கிக் கூலி வேலை செய்தவர்கள். சொந்த நிலம் வந்ததும் அப்பா ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான்: அதில் ஒரு மாமரம் வேண்டும், மதியச் சோற்றை அதன் நிழலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நெல் விளைவது வேறு கணக்கு. வேம்பு வைக்கலாமே என்றால் கேட்க மாட்டார். "நெழலும் குடுக்கணும், பழமும் குடுக்கணும்மா" என்பார். ஆசைப்படுவதில் கஞ்சத்தனம் காட்டாத மனிதர்.

ஊரில் எல்லாரும் மரம் நடுவதுபோலவே அவரும் நட்டார். முழங்காலுக்கு மேல் ஆழமாகக் குழி, அடியில் ஆட்டெரு, வேப்பம் புண்ணாக்கு, நடுவில் ஒட்டுமாங்கன்று. ஐப்பசி மழையில் குழிக்குள் தண்ணீர் இறங்கியது. இறங்கியது அங்கேயே தங்கிவிட்டது. கன்று மஞ்சளாகி, இலை உதிர்த்து நின்றது. பிடுங்கியபோது வேர் கறுத்து அழுகி, கையோடு வந்துவிட்டது. அடுத்த வருஷம் இன்னும் ஆழமான குழி, இன்னும் நிறைய எரு. அந்தக் கன்று முன்னதைவிடச் சீக்கிரமே போய்ச் சேர்ந்தது. சீராட்டச் சீராட்டச் சாகிற பிள்ளையை நான் அங்கேதான் பார்த்தேன்.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எனக்குப் பொறுமை குறைவு. ஒரு மண்கட்டியைப் பையில் போட்டு எடுத்துப்போய், ஆசிரியர் அறையில் கத்தியால் இரண்டாக வெட்டினேன். உள்ளே நீலம் கலந்த சாம்பல் நிறம். அதற்குள் பழைய நெல்வேர் ஓடிய தடங்களில் மட்டும் துருப்பிடித்த ஆணி மாதிரி சிவப்புக் கோடுகள். பக்கத்து மேசைக்காரி தன் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள். மேசையில் கிடந்த கட்டியோ காற்றுப் பட்டு, ஓரத்திலிருந்து மெல்லப் பழுப்பாக மாறத் தொடங்கியது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்குப் பாடம் எடுத்தேன். நம் களிமண்ணில் தண்ணீர் கீழே இறங்காது, ஏரிக் கசிவு வேறு அடியிலிருந்து ஊறிக்கொண்டே இருக்கிறது, அதனால் மண்ணுக்குள் காற்று இல்லை, காற்று இல்லாததால்தான் அந்த நீலமும் நாற்றமும் என்றேன். நெல் மட்டும் இலை வழியாகக் காற்றை இழுத்து வேருக்கு இறக்கிக்கொள்ளும், அந்தக் காற்று பட்ட இடத்தில்தான் சிவப்புக் கோடு, மாமரத்துக்கு அந்த வித்தை தெரியாது.

"நெல்லுக்குத் தெரிஞ்சது மாவுக்குத் தெரியலியா? அப்ப அதுக்கும் பழக்கணும்" என்றார் அப்பா.

பங்குனியில் அதே நிலம் ஆளே மாறிவிடும். கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு, மேலே உப்புப் பூத்த வெள்ளை. நம் பக்கத்து வெயில் தண்ணீரை மேலே உறிஞ்சிவிட்டு உப்பை மட்டும் விட்டுவைக்கும். மழைக்காலத்தில் தண்ணீரைத் திட்டிய அப்பா இப்போது தண்ணீர் இல்லை என்று திட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது.

அடுத்ததாக, தண்ணீரை வடித்துவிடலாம் என்று ஜேசிபி கூட்டிவந்தார். ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு, "தண்ணி எந்தப் பக்கம் போவணும்ணே?" என்றார். சுற்றிலும் எங்கள் நிலத்தைவிட மேடு. அப்பா கௌரவத்துக்காக ஒரு பக்கம் கை காட்டினார். கால்வாய் வெட்டி முடித்ததும் அது நிறைந்து நின்றது. தவளைகள் குடியேறின. தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மாதிரி மினுமினுத்தது. ஜேசிபி டீசல் ஒழுக்கிவிட்டது என்று அப்பா சண்டைக்குக் கிளம்பினார். கிளம்புமுன் விரலால் தொட்டுப் பார்த்தார். படலம் அப்பளம் மாதிரி துண்டு துண்டாக உடைந்தது. மோந்து பார்த்தார். "டீசல் இல்லமா" என்றார், சண்டை கைநழுவிப்போன வருத்தத்தோடு. மண்ணிலிருக்கும் இரும்பு தண்ணீரில் கரைந்து வந்து, காற்றுப் பட்டதும் அப்படித்தான் படலமாக மிதக்கும் என்றேன். அதையும் என் தப்பு மாதிரியே கேட்டுக்கொண்டார்.

வெட்டிய மண் கால்வாய் ஓரமாகக் குவிந்து கிடந்தது. ஒரு மழைக்காலம் போயிற்று. தை மாதம் நிலத்தைப் பார்க்கப் போனபோது அம்மாதான் அதன் பக்கத்தில் நின்று அப்பாவைக் கூப்பிட்டாள். "உன் வயல்ல எங்கியாச்சும் வேப்பங்கன்னு மொளச்சுப் பாத்துக்கிறியா? தோ, அந்த மண்ணு மேட்டு மேல பாரு."

வேம்பு, பப்பாளி, ஒரு தக்காளிச் செடிகூட. மழை உப்பைக் கழுவி இறக்கியிருந்தது. நீலமாக வந்த களி, காற்றில் உதிர்ந்து பழுப்பாகியிருந்தது. மரத்துக்கு உயரம்தான் வேண்டியிருந்தது. நாங்களோ அதை வருஷா வருஷம் பள்ளத்தில் இறக்கிக்கொண்டிருந்தோம்.

"அந்த மண்ண எல்லாம் ஒண்ணாக் குமிச்சு, மேல நடு" என்றாள் அம்மா.

அப்பா சிலிர்த்துக்கொண்டார். "மொதமொதலா வாங்குன நெலத்துல கல்லற கட்டச் சொல்றியா?"

"கல்லறைன்னா சிலுவையா நடச் சொன்னேன்? மாங்கன்னுதானே."

அதற்குமேல் அவரால் முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்ள முடியவில்லை. மறுநாள் காலையில் மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார்.

அந்தக் கன்று பிழைத்தது. முதல் கோடையில் தினமும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார். தளிர் விட்டால் போன் செய்வார், பள்ளி நேரம் என்றும் பார்க்க மாட்டார். வருஷங்கள் ஓடின. மரம் என் தலையைத் தாண்டி, கிளை விரித்தது.

போன மாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இனிமேல் அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அப்பா அறிவித்தார். அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன்.

மரத்தடியில் ஏற்கெனவே ஆள் இருந்தது. எங்கள் வயலில் களை எடுக்க வந்த பெண்கள், மேட்டில் நெருக்கி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவைப் பார்த்ததும், எச்சில் கையோடு, டப்பாவைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள்.

"நீங்க ஒக்காருங்கண்ணா, நாங்க அப்பால போய்க்கிறோம்" என்றாள் ஒருத்தி.

அப்பா வரப்பிலேயே நின்றுவிட்டார்.

"எங்கம்மாவும் இப்பிடித்தாம்மா. நெலத்துக்காரர் வந்தா சோத்தோட எழுந்திரிச்சிடும்" என்றார். "வாணாம். ஒக்காருங்க. இங்க யாருக்காவவும் யாரும் எழுந்திருக்க வாணாம்."

அவர்கள் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்கள். எங்களுக்கு இடம் இல்லை. அப்பா வரப்பில், சுள்ளென்ற வெயிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இவருக்கு மகளாகப் பிறந்தேனே என்று அவ்வளவு பெருமையாக இருந்தது.

அவர் வேர்க்க வேர்க்கச் சோற்றைப் பிசைந்தபடி, மரத்தடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

"நெழலு எப்பிடிமா இருக்குது?"