அசையாமல் நின்ற ஏழுமலை

தொண்ணூறுகளின் கடைசி. மனவளர்ச்சி குன்றிய பெரியவர்களுக்கு வேலையிடத்தில் துணையிருக்கும் பயிற்சியில் நான் சேர்ந்திருந்தேன். கல்மண்டபம் பகுதியில் மீன்பெட்டி கழுவும் வேலைக்கு, முப்பது வயது ஏழுமலையைத் தினமும் அழைத்துப் போவேன். கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாதே என்று, “டீச்சரைக் காணலைன்னா அங்கேயே நில்லுங்க, நகரக்கூடாது” என்று முதலில் பழக்கியிருந்தேன்.

அடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நான் விலக வேண்டும். ஒருநாள் அவர் தனியாகச் சாலையைக் கடக்கிறாரா என்று பார்க்க, டீக்கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

நடுச்சாலையில் அவர் திரும்பிப் பார்த்தார். நான் இல்லை. அப்படியே நின்றுவிட்டார்.

துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. ஹாரன் அலறியது, அவர் அசையவில்லை. நான் ஒளிந்த இடத்திலிருந்து ஓடினேன். அவருக்கு ஒரு முழம் முன்னால் லாரி கிறீச்சிட்டு நின்றது.

“இன்னாய்யா, சாவறதுக்கு என் வண்டிதான் கெட்ச்சுதா?” என்று டிரைவர் கத்தினார்.

ஏழுமலை, ஓடிவந்த என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“டீச்சர், நவுரவே இல்ல. நின்னுகினே இருந்தேன்.”

பாராட்டுக்காகக் காத்திருந்தார். அவர் கையைப் பிடித்துச் சாலையோரம் அழைத்துப் போனேன்.

இன்று புதியவர்களுக்கு நானே பயிற்சி தருகிறேன். ‘ஒளிந்து நின்று பார்க்கலாமா மேடம்?’ என்று யாராவது கேட்டால், அந்த ஹாரன் எனக்கு மறுபடி கேட்கிறது.