ஒலிபெருக்கிக்குப் பக்கத்து மேசை

தறி பழுதுபார்க்கும் ஃபிட்டரும் அவர் மனைவியும் ஒரே நெசவாலையில் காலம் தள்ளியவர்கள். தறிகள் போடும் இரைச்சலில் அங்கே வாய் உதவாது, கைதான் பேசும். நூல் அறுந்தால் ஒரு சாடை, மேஸ்திரி வந்தால் ஒரு சாடை. அவர் ஆசையைச் சொன்னதும், பிள்ளை உண்டானதை அவள் சொன்னதும் அப்படித்தான். ஆலையை மூடிய பிறகு வீட்டில் ஈ பறந்தாலும் கேட்கும். அந்த அமைதியில் இருவருக்கும் முக்கியமான எதையும் பேச வரவில்லை.

அவள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்வந்திருந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால், "சாப்பிட வாங்க" என்பாள்.

தெருமுனையில் புதிதாகத் திறந்த உணவகத்தில் பாட்டும் உண்டு என்று பலகை வைத்திருந்தார்கள். அவளைப் பிடிவாதமாக அழைத்துப்போய், ஒலிபெருக்கியை ஒட்டிய மேசையில் உட்கார்ந்தார்.

"ஐயா, இங்க காது கிழிஞ்சிரும். ஜன்னல் பக்கம் வாங்க," என்றார் பரிமாறுபவர்.

"எங்களுக்கு இதுதாம்பா தோது."

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு டீ வாங்கித் தரல. இப்ப வந்துட்டாரு மாப்பிள்ளை!" என்றாள் மனைவி.

சூப் வந்தது. டிரம்ஸ் அதிர, ஒரு பெண் பாடத் தொடங்கினாள். மனைவியின் விரல் மேசையில் தாளம் போட்டது. முகம்கூடக் கொஞ்சம் தெளிந்தது. அவர் மெல்ல மணிக்கட்டைத் திருகிக் காட்டினார், ஸ்பேனர் பிடித்தவர்போல. சரி பண்ண முடியுமா?

அவள் கரண்டியை வைத்தாள். கைகள் எழுந்தன. எங்கே இருக்கிறது, எதுவரை பரவிவிட்டது, எல்லாம் வந்தது. கடைசியில் இரண்டு உள்ளங்கைகளையும் குறுக்கே வைத்தாள். இனி ஓடாத தறிக்கு ஆலையில் காட்டும் சாடை. அதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. சிரித்துக்கொண்டே ஸ்பேனரோடு குனிந்துவிடுவார். இப்போதும் மணிக்கட்டைத் திருகினார். அவள் மறுபடி குறுக்கே வைத்தாள். இன்னும் வேகமாகத் திருகினார். அவள் கையை எடுக்கவே இல்லை.

அவர் கை தளர்ந்தது. இன்னும் எத்தனை மாசம் என்று சாடையில் கேட்டார். அவள் விரல்களை விரிக்கப் போனாள்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் ஓய்ந்ததும் அவள் கைகள் மடிக்கு இறங்கிவிட்டன.

"சூப் ஆறுது பாருங்க," என்றாள்.

"கையாலயே ஆடி அசத்திட்டீங்கம்மா!" என்று சிரித்தார் பரிமாறுபவர்.

ஃபிட்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"நிறுத்திடாதம்மா," என்றார் பாடுகிறவளிடம். "இன்னொண்ணு பாடு. நல்லாச் சத்தமாப் பாடு."