சகலை கட்டிய இன்ஜின்

மாமனாரின் பழைய கார் புகை கக்கிக்கொண்டு பெரிய மாப்பிள்ளையின் பட்டறைக்குள் நுழைந்தபோது அவருக்கு வந்த சந்தோஷத்தை வெளியே சொல்ல முடியாது. சொன்னால் மனைவி சோறு போடமாட்டாள். அந்தக் கார் அவள் அப்பாவின் உயிர்.

சந்தோஷத்துக்குக் காரணம் சகலை. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காரை வேறு யாரையும் தொடவிடாமல் பார்த்துக்கொண்டவர் பெரிய மாப்பிள்ளைதான். போன வருஷம் இடுப்பு பிடித்துக்கொண்டு அவர் படுத்திருந்த நேரம் பார்த்து, மச்சினியைக் கட்டிய மெக்கானிக், இன்ஜினைப் பிரித்துப் புது பிஸ்டன், ரிங் எல்லாம் போட்டுக் கட்டிவிட்டான். "சின்ன மாப்பிள்ளை கை வச்சதும் என்னமா ஓடுது!" என்பார் மாமியார், இவர் தட்டில் பரிமாறிக்கொண்டே. இவருக்குச் சோறு இறங்காது.

"அவன் என்ன பெரிய கொம்பனா?" என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் எகிறுவார்.

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்பாள் அவள். அது இன்னும் எரியும்.

மாமனார் பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "ரிப்பேர் பண்ணா போதுமா, மறுபடியும் பிரிச்சுக் கட்டணுமா, நீங்களே பார்த்துச் சொல்லுங்க மாப்பிள்ளை. மறுபடி பிரிச்சா சிலிண்டரைக் கடையணும், இன்னொரு தடவை கடைஞ்சா தாங்காதாம். பிரிக்கணும்னா வித்துடறேன்."

பெரிய மாப்பிள்ளை பிளக்குகளைக் கழற்றி, மீட்டர் வைத்து அழுத்தம் பார்த்தார். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களில் குறைவு. இரண்டாவதில் ஒரு சின்னக் கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தார். எண்ணெய் ரிங்கின் இடைவெளியை அடைத்து மீட்டர் முள் ஏறினால் ரிங் போயிற்று, சகலையின் வேலை சந்தி சிரிக்கும். ஏறாவிட்டால் கோளாறு வால்வில். மேலே வால்வு இருக்கும் ஹெட்டை மட்டும் இறக்கிச் சரிசெய்தால் போதும்.

முள் அசையவே இல்லை. ஏறித் தொலையேன், சனியனே! உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். சிலிண்டர் சுவரில் ஒரு கீறல் கிடையாது. படுபாவி, என்ன சுத்தமாகக் கட்டியிருக்கிறான்!

மூன்றாவதில் கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு எண்ணெய்க் குப்பியையே கவிழ்த்தார். எண்ணெய் மிஞ்சினால் நல்ல ரிங்கிலும் முள் ஏறும் என்பது அவருக்குத் தெரியாததா? விறுவிறுவென்று ஏறியது.

"மாமா, வந்து பாருங்க. ரிங் போச்சு. முழுசா பிரிக்கணும். என்னத்தைக் கட்டினானோ!"

மாமனாரின் முகம் செத்துவிட்டது. காரின் மூடியை ஒருமுறை தடவினார். "தப்பு என் மேலதான். கட்டுனப்பவே சின்னவர் படிச்சுப் படிச்சுச் சொன்னார். 'கீழே பிஸ்டன் வேலையை முடிச்சுட்டேன், வால்வை நான் தொடமாட்டேன், அதுக்கு அண்ணன் கைதான் வேணும், அவர் எழுந்ததும் காட்டுங்க'ன்னு. நல்லாத்தானே ஓடுதுன்னு நான்தான் விட்டுட்டேன்."

பெரிய மாப்பிள்ளை கையிலிருந்த குப்பியைக் கீழே வைத்தார். வால்வைத் தனக்கென்று விட்டுவைத்திருக்கிறான்! அந்த வண்டியைத் தானே விற்று அனுப்பப் பார்த்தாரே!

"கொஞ்சம் இருங்க மாமா." மூன்றாவதிலிருந்து மீட்டரைக் கழற்றினார். "இதுல எண்ணெயை அதிகமா ஊத்திட்டேன். இது செல்லாது. ரெண்டாவதைப் பாருங்க." மீட்டரை மாற்றி வைத்து இன்ஜினைச் சுற்றிக் காட்டினார். முள் கீழேயே கிடந்தது. "வால்வுதான். ஹெட்டை மட்டும் இறக்குறேன். வண்டியை விக்க வேணாம்."

"அப்போ சின்னவர் வேலை?"

மீட்டரைத் துணியால் துடைத்தார். "குறை சொல்ல ஒண்ணுமில்ல."

மாமனார் அங்கேயே ஃபோனை எடுத்துச் சின்ன மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். "உங்க அண்ணனே சொல்லிட்டாரு, உங்க வேலையில குறையே இல்லையாம்!"

இவர் ஸ்பேனரோடு இன்ஜின்மேல் குனிந்துகொண்டார். வேலை தெரிந்தவனாக மட்டும் இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறானே, பாவி!