ஜிங்க் பவுடரும் பாண்டியம்மாளின் விரல்களும்

பாண்டியம்மாளை அவருடைய கணவர் ஆட்டோவிலிருந்து தூக்கிக்கொண்டுதான் வெளிநோயாளிகள் பிரிவான ஓ.பி.க்குள் வந்தார். நான் அப்போது விருதுநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் டயட்டீஷியன். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். எந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தாலும் யாராவது ஒருவர் சத்துப் பவுடர் விற்றுக்கொண்டிருந்த காலம்.

பாண்டியம்மாளுக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வெடிக்குத் திரி வைக்கும் வேலை. முடக்குவாதத்தில் விரல்கள் வீங்கி, எங்கள் டாக்டர் கொடுத்த மாத்திரையில் தேறி, வேலைக்குத் திரும்பியிருந்தவர். இப்போது மணிக்கட்டு மறுபடி வீங்கியிருந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"மாத்திரையை நிறுத்திட்டியாம்மா?" என்றார் டாக்டர்.

கணவர்தான் பதில் சொன்னார். "பவுடர் சாப்பிடுறா சார். மாத்திரை வேண்டாம்னு சொல்லிட்டாக."

சொன்னவர் செல்வகுமார், பவுடர் கம்பெனி ஏஜென்ட். விருதுநகர் வெயிலிலும் டை கட்டுவார். "உங்களுக்கு வந்தது நோயே இல்ல, ஜிங்க் பஞ்சம்" என்பது அவருடைய பிரசங்கம். முடக்குவாதக்காரர்களுக்கு ரத்தத்தில் ஜிங்க், அதாவது துத்தநாகச்சத்து, பல நேரம் குறைந்திருக்கும், அது உண்மை. ஆனால் மூட்டில் அழற்சி இருக்கும்வரை அந்த அளவு இறங்கத்தான் செய்யும். ஜிங்கைக் கொட்டினால் நோய் அடங்கிவிடாது. இந்த இரண்டாம் பாதி செல்வகுமாருக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொன்னால் டப்பா விற்காது.

வீக்கம் கூடியதும் பாண்டியம்மாள் அவருக்குப் போன் செய்திருக்கிறார். "நோய் வெளிய வருதுக்கா, நல்ல அறிகுறி. ரெண்டு மடங்கா போடுங்க" என்றாராம் அந்த மேதை.

அளவுக்கு மீறிய ஜிங்க், சாப்பாட்டில் இருக்கும் செம்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. செம்பு இல்லாவிட்டால் ரத்தம் ஊறாது. டெஸ்டில் அதுதான் தெரிந்தது. சத்துப் பஞ்சம் தீர்க்க வந்தவர், புதிதாக ஒரு பஞ்சத்தை உண்டாக்கிவிட்டார்.

பவுடரை நிறுத்தி, மாத்திரையை மறுபடி ஆரம்பித்தோம். சில மாதங்களில் ரத்தம் ஏறியது, வீக்கம் வடிந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் கோணியது கோணியதுதான். திரி வைக்கும் வேலை போய், பெட்டிக்கு லேபிள் ஒட்டும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

"திரி வைக்க வெரல் நிமிரணும்ல மேடம்" என்றார் என்னிடம். அழவில்லை. எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை.

அடுத்த செக்கப்புக்கு அவர் வந்த அன்று, ஓ.பி. பெஞ்சில் செல்வகுமார் உட்கார்ந்திருந்தார். டை இல்லை. பக்கத்தில் அவருடைய அம்மா. அந்த அம்மாளுக்கும் முடக்குவாதம். எங்கள் டாக்டரிடம் வெகுநாளாக அதே மாத்திரைதான் வாங்கிக்கொண்டிருந்தார்.

பாண்டியம்மாள் நேரே போய் நின்றார். "ஏன் தம்பி, அம்மாவுக்குப் பவுடர் குடுக்கலையா?"

செல்வகுமார் குரலைத் தாழ்த்தினார். "அவுகளுக்கு வயசாயிருச்சுக்கா. ரிஸ்க் எடுக்க முடியாதுல்ல."

"என்ன பவுடர்லே?" என்று கேட்டார் அவருடைய அம்மா.

செல்வகுமார் வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நிலக்கடலை, எள், பயறு, முட்டை என்று தாராளமாகச் சொல்லுங்கள். உடம்புக்குத் தேவையான ஜிங்க்கும் செம்பும் அதிலேயே கிடைக்கும். ஆனால், "டாக்டர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டில் என்ன டப்பா இருக்கிறது?" என்று கேளுங்கள்.